ஒரு பக்க வெல்டிங்குக்குப் பின்னால் என்ன வைப்பது: எம்.எஸ். பட்டையா, காப்பரா, செராமிக்கா?

சூளகிரி பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷெட் நடத்தும் ஒருவர் கேட்டிருப்பது இது. கல் கிரஷருக்கு வைப்ரேட்டிங் ஸ்கிரீனின் (ஆடும் சல்லடையின்) பக்கத் தகடும் அடிச்சட்டமும் செய்கிறார். 12 எம்.எம். தகடு, பட் ஜாயின்ட் (இரண்டு தகட்டை ஓரத்தோடு ஓரம் சேர்ப்பது). ஜாப் கனமாக இருப்பதால் புரட்டிப்போட வழியில்லை, மேலிருந்து ஒரு பக்கம்தான் வெல்டிங். இதுவரை உருகிய உலோகம் ஒழுகாமலிருக்கப் பின்னால் எம்.எஸ். (சாதாரண எஃகு) ஃபிளாட் வைத்து அடித்து, அதை அப்படியே விட்டுவந்தார். இப்போது வாங்குபவர் "பட்டை இருக்கக் கூடாது, யூ.டி. (அல்ட்ராசானிக் டெஸ்ட்) பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார். செராமிக் வாங்குவதா, காப்பர் பட்டை போதுமா, ஷெட்டில் வேலை செய்பவர்கள் சொல்வதுபோல் உடைந்த டைல்ஸோ கிரானைட் துண்டோ வைத்தால் ஆகாதா, எல்லாமே சூடு தாங்கும் பொருள்தானே என்று கேட்கிறார்.

உங்கள் ஜாப்புக்கு செராமிக்தான் சரி. ஆனால் "சூடு தாங்கும் பொருள்தானே" என்று நீங்கள் நினைக்கிற இடத்தில்தான் பலருக்கும் கணக்கு தப்புகிறது. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் செராமிக் வாங்கினால், பணமும் போய் ரூட்டும் (வெல்டின் அடிப்பகுதியும்) கெடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரண எம்.எஸ். உருகுவது ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸில். காப்பர் 1,085 டிகிரியிலேயே உருகிவிடும். செராமிக் பேக்கிங் (வெல்டுக்குப் பின்னால் வைக்கும் தாங்கல்) பெரும்பாலும் கார்டியரைட் என்ற வகைப் பீங்கானில் செய்யப்படுகிறது. மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கா மூன்றும் சேர்ந்தது. அதுகூட 1,470 டிகிரிக்குப் பக்கத்தில் உருகத் தொடங்கிவிடும். அதாவது நாம் வைக்கும் மூன்று பொருளில் எதுவுமே உருகிய இரும்பின் சூட்டைவிட அதிகச் சூடு தாங்கும் பொருள் இல்லை. ஆனாலும் மூன்றும் வேலை செய்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்தால்.

எம்.எஸ். பட்டை சூட்டைத் தாங்குவதே இல்லை. அதன் மேல்பாகம் உருகி வெல்டோடு ஒட்டிக்கொள்கிறது, ஜாயின்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. காப்பர் இரும்பைவிட ஏழெட்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் தன் மேல்பரப்பு உருகுவதற்குள் சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, தன்மேல் விழுந்த உலோகத்தை உறைய வைத்துவிடுகிறது. செராமிக்கின் மேல்பரப்பு மெல்லிசாக உருகிக் கண்ணாடிபோன்ற ஸ்லாக்காக (கசடாக) மாறும். அந்த ஸ்லாக் ரூட்டின் அடியைப் போர்த்தி, காற்று படாமல் காத்து, உலோகம் செராமிக்கோடு ஒட்டாமல் பிரித்தும் வைக்கும். அச்சு வெல்லம் வார்க்கும் அச்சைப்போலத்தான் அதன் பள்ளம்: பாகைத் தடுத்து நிறுத்தினால் மட்டும் போதாது, ஆறியபின் சரியான உருவத்தில் சுத்தமாகக் கழன்று வர வேண்டும். கார்டியரைட்டுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. சூட்டில் மிகக் குறைவாகவே விரியும், அதனால் ஆர்க் பட்டதும் படாரென்று வெடிக்காது.

இப்போது கிரானைட்டைப் பாருங்கள். நம் பக்கம் கிரானைட் ஷெட் இல்லாத ரோடே இல்லை, வெட்டி மிஞ்சிய துண்டு சும்மாவே கிடைக்கும். ஆனால் கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. குவார்ட்ஸ் 573 டிகிரியில் உள்ளமைப்பு மாறித் திடீரென்று விரியும். அப்போது மேல்பரப்பு செதில் செதிலாகத் தெறிக்கும். உருகிய உலோகத்துக்கு அடியில் அப்படித் தெறித்தால் வெல்டரின் கைக்கும் முகத்துக்கும் ஆபத்து. தரை டைல்ஸ் என்றால் கிளேஸ் உருகி ரூட்டில் ஒட்டும், உள்ளே ஊறியிருக்கும் ஈரம் ஆவியாகி வெல்டுக்குள் ஏறி பிளோ ஹோல் ஆகும். செங்கல்லும் ஃபயர் பிரிக்கும் அதே கதைதான். நுண்துளை நிறைந்தவை, தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். பழைய ஷெட்களில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறும் அட்டையும் இன்னும் மூலையில் கிடக்கலாம். அதைத் தொடவே வேண்டாம். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும், அதுவும் பல வருஷம் கழித்து.

சரி, எம்.எஸ். பட்டையை வாங்குபவர் ஏன் வேண்டாம் என்கிறார்? அவர் சொல்வது நியாயம். வைப்ரேட்டிங் ஸ்கிரீன் நிமிடத்துக்கு 900 முறை ஆடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 54,000 முறை அந்த ஜாயின்ட் இழுபட்டுத் தளர்கிறது. பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒட்டாத கோடு ஒன்று இயல்பாகவே இருக்கும். அந்தக் கோட்டின் முனை ரூட்டில் போய் முடிகிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அது ஏற்கெனவே கீறி வைத்த விரிசல் மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆட்டத்துக்கு ஆட்டம் அங்கிருந்துதான் விரிசல் மேலேறும். அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் டி1.1 விதிமுறை, திரும்பத் திரும்ப லோடு வரும் கட்டமைப்புகளில், இழுவிசைக்குக் குறுக்காக ஓடும் வெல்டின் ஸ்டீல் பேக்கிங்கைப் பொதுவாக எடுத்துவிட்டு அந்த இடத்தை வழவழப்பாக்க வேண்டும் என்றே சொல்கிறது. 1994 ஜனவரி 17-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் அருகே நார்த்ரிட்ஜில் வந்த நிலநடுக்கத்தில், எஃகுக் கட்டடங்களில் பீமும் தூணும் சேரும் இடங்களில் எதிர்பாராத விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பல விரிசல்கள் பீமின் கீழ் ஃபிளாஞ்சின் (அடி விளிம்புத் தகட்டின்) ரூட்டில், விட்டுவைத்த பேக்கிங் பட்டை இருந்த இடத்திலேயே தொடங்கியிருந்தன. வெல்டின் தரம், வயரின் தாங்குதிறன், டிசைன் என்று வேறு காரணங்களும் அதில் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு வந்த வழிகாட்டுதல்கள் கீழ் ஃபிளாஞ்ச் பட்டையை எடுத்து, ரூட்டைக் கௌஜ் செய்து (தோண்டி எடுத்து), ஃபில்லட் (மூலை வெல்டு) போடச் சொல்லின.

இதற்காக எம்.எஸ். பட்டையே கெட்டது என்று ஒதுக்க வேண்டாம். நிலையான லோடு மட்டும் வரும் ஷெட் தூண், மூடிய பாக்ஸ் செக்‌ஷன், கை நுழையாத குழாய், இங்கெல்லாம் அதுதான் வழி. ஆனால் வைப்பதை ஒழுங்காக வைக்க வேண்டும். பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி 2 எம்.எம்.-ஐத் தாண்டக் கூடாது. மிக் (சாலிட் வயரும் கேஸும்) வெல்டிங்குக்கு 6 எம்.எம். கனமாவது இருக்கட்டும், ஃபிளக்ஸ் கோர்டு (உள்ளே பொடி நிரப்பிய வயர்) என்றால் 10. முழு நீளத்துக்கும் ஒரே பட்டையாக இருக்க வேண்டும். இரண்டு துண்டை வெறுமனே முட்டவைத்து மேலே வெல்டு ஓட்டினால், அந்த முட்டும் இடமே விரிசலுக்கு வாசல். துண்டுதான் இருக்கிறது என்றால் முதலில் அவற்றை முழு ஊடுருவலோடு வெல்டு செய்து ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். நம் ஏரியாவில் நான் அடிக்கடி பார்ப்பது, ஃபிளாட்டுக்குப் பதிலாகக் கட்டடக் கம்பியைப் பின்னால் வைத்து அடிப்பது. உருண்டையான கம்பி தகட்டைக் கோடாகத்தான் தொடும். இரண்டு பக்கமும் ஸ்லாக் சிக்கிக்கொள்ளும். இந்தப் பழக்கத்தை உடனே விடுங்கள்.

காப்பர் உங்கள் ஜாப்புக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? 1.5 முதல் 3 எம்.எம். வரை உள்ள ஷீட், ஒரே மாதிரி ஜாப் நூற்றுக்கணக்கில் ஓடும் ஃபிக்ஸ்சர், நேர்கோட்டு ஜாயின்ட், இங்கெல்லாம் காப்பரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஓசூர் சிப்காட்டில் ஆட்டோ பாகங்கள் செய்யும் இடங்களில் ஃபிக்ஸ்சருக்குள் காப்பர் பட்டை பதித்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு முறை வாங்கினால் வருஷக்கணக்கில் ஓடும். 12 எம்.எம். தகட்டில், அகலமான கேப்பில், ஆர்க் நேராகக் காப்பரில் பட வாய்ப்பு அதிகம். பட்டால் காப்பர் உருகி வெல்டில் கலக்கும். திரவக் காப்பர் சூடான இரும்பின் மணிகளுக்கு நடுவே ஊடுருவி அங்கேயே விரிசலை உண்டாக்கும். எஸ்.எஸ்.-ஸில் (துருப்பிடிக்காத எஃகில்) இது இன்னும் மோசம். ரூட்டில் செம்பு நிறம் தெரிந்தால் அது போகும்வரை கிரைண்ட் செய்து டி.பி. டெஸ்ட் (சாயம் ஊறவைத்து விரிசல் தேடுவது) பார்க்காமல் விடக் கூடாது. இன்னொரு தொல்லை, காப்பர் சூட்டை இழுத்துக்கொள்வதால் ரூட்டின் இரு ஓரமும் சரியாக உருகாமல் நின்றுபோகலாம். அப்புறம் உங்கள் தகடு தரையில் கிடக்கும் ஃபிக்ஸ்சர் ஜாப் இல்லை. கனமான காப்பரை அடியிலிருந்து இடைவெளி இல்லாமல் அழுத்திப் பிடிப்பதே பெரும்பாடு.

செராமிக் என்று முடிவு செய்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெல்டு மேலிருந்து என்றாலும், செராமிக்கை ஒட்டவும் கழற்றவும் பின்பக்கம் கை போக வேண்டும். உங்கள் சட்டத்துக்கு அடியில் ஆள் படுத்து நுழைய முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

கடையில் கேட்கும்போது வெறும் "செராமிக் பேக்கிங்" என்று கேட்காதீர்கள். சின்னச் சின்ன ஓடுகள் வரிசையாக, ஓரத்தில் பசை உள்ள அலுமினிய ஃபாயிலில் ஒட்டி, பெரும்பாலும் 600 எம்.எம். நீள ஸ்ட்ரிப்பாக வரும். நடுவில் பள்ளம் உள்ளது ஒரு பக்க வீ ஜாயின்டுக்கு (தகட்டு ஓரங்களை ஒரு பக்கம் மட்டும் சரித்து வீ வடிவில் சேர்ப்பது). உருண்டைக் குச்சி மாதிரி வருவது இரண்டு பக்க வீ-க்கும் டீ ஜாயின்டுக்கும். பள்ளத்தின் அகலமும் ஆழமும் வெல்டிங் முறையைப் பொறுத்து மாறும். சாலிட் வயர் மிக்கில் ஸ்லாக் குறைவு, ஆழம் குறைந்த பள்ளம் போதும். ஃபிளக்ஸ் கோர்டில் ஸ்லாக் போய் உட்கார இடம் வேண்டும். 7018 ராடு (கையால் அடிக்கும் எலக்ட்ரோடு) என்றால் இன்னும் ஆழமானது தேவை, வேலையும் கடினம். என் அபிப்பிராயம், உங்களுக்கு 1.2 எம்.எம். ரூட்டைல் ஃபிளக்ஸ் கோர்டு வயரும் சி.ஓ.டூ-வும்தான் பொருத்தம். வெல்டருக்குச் சீக்கிரம் கை வரும், ரூட்டும் அழகாக விழும்.

எட்ஜ் தயாரிப்பில்தான் பாதி வெற்றி. ஓப்பன் ரூட் (பின்னால் எதுவும் வைக்காமல்) அடித்துப் பழகியவர்கள் 2, 3 எம்.எம். கேப் விட்டுப் பழகியிருப்பார்கள். செராமிக்கில் அது ஆகாது. குறுகிய கேப்பில் உலோகம் கீழே இறங்கிப் பள்ளத்தை நிரப்பாது, ரூட் ஓரம் உருகாமல் நிற்கும். 4 முதல் 6 எம்.எம். வரை கேப் வேண்டும், 5 வைத்துத் தொடங்குங்கள். மொத்தக் கோணம் 45, 50 டிகிரி. ரூட் ஃபேஸ் (விளிம்பின் அடியில் சரிக்காமல் விடும் தட்டைப் பகுதி) வேண்டாம், கத்தி முனையாகவே விடலாம், அதிகம் போனால் 1 எம்.எம். இரண்டு தகடும் ஒன்றுக்கொன்று 1 எம்.எம்.-க்கு மேல் ஏறி இறங்கி இருந்தால் செராமிக் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், அந்த வழியே உலோகம் வழியும்.

வீ-க்குள் டேக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சின்ன வெல்டு) அடிக்காதீர்கள். டேக் இருந்தால் செராமிக் ஒழுங்காக வேலை செய்யாது, டேக்கின் இரண்டு முனையிலும் ரூட் கெடும். பின்பக்கம் குறுக்காகப் பாலம்போல் தகட்டுத் துண்டுகளை டேக் அடித்து, அவற்றின் நடுவில் செராமிக் நுழைந்து போகும் அளவுக்கு வாய் வெட்டிவிடுங்கள். அடிக்கு ஒன்று வைத்தால் கேப் இழுபடாமல் நிற்கும். செராமிக் ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் 30 எம்.எம். அகலத்துக்குத் துரு, பெயின்ட், மில் ஸ்கேல் (ஆலையிலிருந்தே படிந்து வரும் கருப்புப் பொருக்கு) எல்லாம் கிரைண்டரில் போகட்டும். ஈரம் இருந்தால் டார்ச்சில் சூடாக்கி விரட்டி, கை வைக்கும் அளவுக்கு ஆறியபின் ஒட்டுங்கள். அதிகச் சூட்டில் பசை பிடிக்காது. பிரீஹீட் தேவைப்படும் கனத் தகட்டில் பசையை நம்பாமல் காந்தம், ஆப்பு என்று வேறு பிடிமானம் கொடுக்க வேண்டும். ஃபாயிலின் நடுக்கோடு கேப்பின் நடுவில் வரும்படி மேலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல, கீழே இருப்பவர் ஒட்டினால் நேராக வரும். கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.

செராமிக்கின் பெரிய எதிரி ஈரம். பாக்கெட்டைப் பிரித்துவிட்டு ஐப்பசி, கார்த்திகை மழையில் ஷெட் அலமாரியில் போட்டுவைத்தால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் ரூட்டில் புழு துளைத்தமாதிரி நீளநீளமாக ஓட்டை வரும், எல்லோரும் வயரையும் கேஸையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் பிரியுங்கள், ஒட்டியதை அன்றைக்கே வெல்டு செய்துவிடுங்கள். நெடுஞ்சாலை ஓரத் திறந்த ஷெட் என்றால் காற்றுக்குத் திரை கட்டுவதும் அதே அளவு முக்கியம், சி.ஓ.டூ காற்றில் பறந்துவிட்டால் எந்த பேக்கிங்கும் காப்பாற்றாது.

இனி ஆர்க். செராமிக் கரண்ட் கடத்தாது. ஆர்க் நேராகச் செராமிக்கில் போனால் அணைந்து அணைந்து எரியும், ஸ்பாட்டர் பறக்கும். அதனால் தொடங்குவது எப்போதும் ஓரத்தில் வைத்த ரன்-ஆன் துண்டிலோ வீ-யின் பக்கச் சுவரிலோதான். ஓடத் தொடங்கியபின் வயர் முனை உருகிய குட்டையின் முன்பாகத்தில், முன் விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். முன்னால் தாண்டினால் செராமிக்கில் படும். பின்னால் நின்றால் குட்டை முன்னே ஓடி, ஆர்க் உலோகத்தின் மேலேயே எரிந்து, ரூட் ஓரம் உருகாது. இரண்டு சுவரையும் தொட்டுத் தொட்டுச் சின்னதாக வீவ் செய்து, ஓரத்தில் ஒரு கணம் நிறுத்திப் போக வேண்டும். கையில் இந்த ஒன்று படிந்துவிட்டால் மற்றது தானாக வரும். படியாத வெல்டருக்கு எந்த விலை உயர்ந்த செராமிக்கைக் கொடுத்தாலும் ரூட் வராது.

கரண்டைக் கூட்டி வேகமாக ஓட்டும் ஆசைதான் அடுத்த கண்ணி. ஒரு பக்க ரூட் ரன்னில் வெல்டின் நடுக்கோட்டிலேயே நீளமாக விரிசல் வரும், சில சமயம் மேலே தெரியாமலும் போகும். குட்டை இரண்டு சுவரிலிருந்தும் உறைந்துகொண்டு வரும்போது கந்தகமும் பாஸ்பரஸும் கடைசியில் உறையும் நடுக்கோட்டுக்குத் தள்ளப்படுகின்றன. அந்த நேரம் தகடு இழுத்தால் அங்கே கிழியும். கரண்டும் வேகமும் கூடினால் குட்டை நீண்டு கூராகி, இந்த நடுக்கோடு இன்னும் பலவீனமாகும். 1.2 எம்.எம். வயருக்கு 180 ஆம்பியரில் தொடங்குங்கள், ரூட்டில் 200-ஐத் தாண்ட வேண்டாம். வயர் கம்பெனியின் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் கிரேட்டரை (முடிவில் விழும் குழியை) கிரைண்ட் செய்து, சரிவாக்கி, அந்தச் சரிவின் மேலிருந்து திரும்பத் தொடங்குங்கள். அந்தக் குழியில் விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம்.

வெல்டு ஆறியபின் ஃபாயிலை உரித்தால் ஓடுகள் உதிர்ந்து வரும். கண்ணாடிச் சில்லுபோல் தெறிக்கும், அடியில் படுத்திருப்பவருக்குக் கண்ணாடி கட்டாயம். ஒரு முறை பட்ட ஓட்டைத் திரும்ப ஒட்டாதீர்கள், அதன் பள்ளம் உருகி உருவம் மாறியிருக்கும். விலையைப் பார்த்துத் தயங்குபவர்களுக்கு நான் சொல்வது, எம்.எஸ். பட்டையை வைத்து அடித்து, பிறகு தலைக்கு மேல் கௌஜ் செய்து, கிரைண்ட் செய்து, அடியிலிருந்து ஒரு ரன் போடும் கூலியையும் நேரத்தையும் எதிரில் எழுதிப் பாருங்கள். இதைப்போன்ற ஜாப்பில் செராமிக் பெரும்பாலும் மலிவாகவே முடியும்.

உங்கள் டிராயிங்கைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அடிச்சட்டம் வேறு, பக்கத் தகடு வேறு. நல்ல ஸ்கிரீன் தயாரிப்பாளர்கள் பலர் பக்கத் தகட்டில் வெல்டே வராமல் ஒரே தகடாக வெட்டி, குறுக்குச் சட்டங்களை போல்ட்டில் பிடிக்கிறார்கள். எவ்வளவு நல்ல ரூட்டாக இருந்தாலும் வெல்டு இல்லாத தகட்டின் ஆயுள் அதற்கு வராது. முழு அளவுத் தகடு கிடைக்குமா என்று ஒரு தடவை பாருங்கள். கிடைக்காவிட்டால் ஜாயின்டை எக்ஸைட்டர் (ஆட்டம் தரும் கருவி) உட்காரும் இடத்திலிருந்து தள்ளி வைக்க வாங்குபவரிடம் பேசுங்கள், வெல்டை இரண்டு பக்கமும் தகட்டு மட்டத்துக்கு, இழுவிசை போகும் திசையிலேயே கிரைண்ட் செய்யுங்கள்.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளின் எஸ்.எஸ். பைப் வேலையும் சேர்த்து எடுப்பவர்கள் இதே செராமிக்கை அங்கே கொண்டுபோக வேண்டாம். பைப்புக்குள் ஒட்டவோ கழற்றவோ முடியாது, கூழ் ஓடும் பாதையில் சின்னச் சில்லுகூட இருக்கக் கூடாது. அங்கே டிக் வெல்டிங், உள்ளே ஆர்கான் பர்ஜ் (ஆர்கான் வாயுவை நிரப்பிக் காற்றை வெளியேற்றுவது), அவ்வளவுதான். பர்ஜ் இல்லாவிட்டால் உள்பக்கம் கருத்துப் பொருக்குத் தட்டி, அதில் கூழ் தங்கிப் புளிக்கும்.

கடைசியாக டெஸ்ட். டி1.1 விதிமுறை காப்பர், ஃபிளக்ஸ், கண்ணாடி நார் டேப், செராமிக் எல்லாவற்றையும் பேக்கிங்காக அனுமதிக்கிறது. ஆனால் ஸ்டீல் அல்லாத பேக்கிங்கில் ஒரு பக்கம் மட்டும் அடித்து முழு ஊடுருவல் காட்டுவதென்றால், அந்த முறையை டெஸ்ட் தகட்டில் நிரூபித்தாக வேண்டும். இந்திய முறைப்படி போவதென்றால் ப்ரொசீஜருக்கு ஐ.எஸ். 7307, வெல்டருக்கு ஐ.எஸ். 7310. யூ.டி. பார்க்கப்போகும் வாங்குபவர் இதையும் கேட்பார், முன்கூட்டியே செய்து வையுங்கள். வெல்டருக்கு முறையான பயிற்சி வேண்டுமென்றால் திருச்சி பெல் வளாகத்தில் உள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் விசாரிக்கலாம். டெஸ்ட் தகட்டை ஒர்க் பெஞ்சில் சௌகரியமாக வைத்து அடிக்காதீர்கள். ஜாப் செய்யப்போகும் அதே வெல்டர், அதே வயர், அதே உயரம், கீழே படுத்து ஒட்டிய அதே செராமிக்காக இருக்கட்டும். நீளம் 800 எம்.எம். வையுங்கள், அப்போதுதான் ஒரு ஸ்ட்ரிப் முடிந்து அடுத்தது தொடங்கும் இடமும் அதற்குள் வரும். வேண்டுமென்றே நடுவில் ஒரு தடவை நிறுத்தித் தொடங்கச் சொல்லுங்கள். ரூட் பெண்ட் (ரூட் வெளிப்பக்கம் வரும்படி வளைத்துப் பார்க்கும்) துண்டுகளில் ஒன்றை அந்த நிறுத்திய இடத்திலிருந்தும், இன்னொன்றை ஸ்ட்ரிப் இணைந்த இடத்திலிருந்தும் வெட்டுங்கள். 180 டிகிரி வளைத்தபின் 3 எம்.எம்.-ஐத் தாண்டி எதுவும் திறந்திருந்தால், செராமிக்கை மாற்றுவதற்கு முன் கேப்பையும் ஆம்பியரையும் பாருங்கள்.